ஏழாம் நம்பர் மணல்வழி

அத்தியாயம் 6

இன்ஸ்பெக்டர் அற்புதசாமி அந்தக் காகிதத்தை மேஜைமேல் விரித்த பக்தியைப் பார்த்தால், மாதாவுக்குப் பட்டுச் சேலை சாத்துகிறார் என்றுதான் யாரும் நினைப்பார்கள். ஓரமெல்லாம் துளை போட்ட, மடிப்பு மடிப்பாக நீளும் காகிதம். அதன் ஒரு முனை மேஜையிலிருந்து வழிந்து, ஸ்ரீரங்கம் வடக்கு வாசல் போலீஸ் ஸ்டேஷனின் சிமெண்டுத் தரையைத் தொட்டது.

"கம்ப்யூட்டர் கொடுத்தது," என்றார், குரலைத் தாழ்த்தி.

துப்பறியும் இருதயநாதன் மூக்குக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு குனிந்தார். படம் என்று பெயர்தானே தவிர, அதில் கோடு என்று ஒன்று கிடையாது. எங்கே பார்த்தாலும் புள்ளி, நட்சத்திரம், பெருக்கல் குறி. புள்ளி வரிசை சாலையாம். நட்சத்திரம் ஊராம். பெருக்கல் குறி இரண்டு வரிசையாகப் போனால் அது கொள்ளிடத்தின் இரண்டு கரையாம்.

"கடுகு தாளிக்கறப்ப மூடி போட மறந்துட்டாங்க போல," என்றாள் வஹீதா.

இன்ஸ்பெக்டர் முறைத்தார். முறைப்புக்கு அசைகிற ஆள் அவள் இல்லை. பாலக்கரையில் குடை ரிப்பேர் கடைக்கு மாடியில் இருக்கும் இருதயநாதனின் துப்பறியும் அலுவலகத்துக்கு அவள் டைப்பிஸ்டாக வந்து ஆறு வருஷமாகிறது. டைப்பில் ஹையர் பாஸ். விரலைவிட நாக்குதான் வேகம். இருதயநாதனோ அதற்குமுன் இருபத்தேழு வருஷம் ஜங்ஷன் ரயில்வே தபால் பிரிவில் கடிதம் பிரித்தவர். ஜில்லாவில் எந்தக் குக்கிராமத்தின் பெயரைச் சொன்னாலும், அதன் தபால் பை எந்த வண்டியில் ஏறி எங்கே இறங்கும் என்று தூக்கத்திலும் சொல்வார். அந்தக் கர்வம் அவருக்கு நிறையவே உண்டு. வழி தெரியாதவர்களைக் கண்டால் அவருக்கு ஆகாது. தெரியாமலே தெரிந்த மாதிரி பேசுகிறவர்களைக் கண்டால் பற்றிக்கொண்டு வரும்.

அற்புதசாமி இரண்டிலும் சேர்த்தி. மெட்ராஸிலிருந்து மாற்றலாகி ஆனி மாதம்தான் இங்கே வந்தார். வந்த அன்று மேஜைமேல் காத்திருந்தது ராசப்பன் கொலை வழக்கு.

வழக்கு இதுதான். ஸ்ரீரங்கத்துக்கு நேர் வடக்கே, கொள்ளிடத்தின் அக்கரையில் புன்னைக்குறிச்சி. அங்கே செங்கல் சூளை வைத்திருந்த ராசப்பன், மே ஒன்பதாம் தேதி சாயங்காலம் ஐந்தே காலுக்கு உயிரோடிருந்தார். ஐந்தே முக்காலுக்கு மண்டை உடைந்து கிடந்தார். அன்று காலையில் அவரோடு கட்டிப் புரண்டவன் தர்மராஜ். கோடையில் வற்றிய ஆற்று மணலில் வெள்ளரி போட்டு, அங்கேயே குடிசை கட்டிப் பிழைக்கிறவன். சூளை லாரி அவன் பாத்தியில் ஏறிக் கொடியை நசுக்கிவிட்டது. கொலைக்குக் காரணம் கிடைத்துவிட்டதல்லவா, மறுநாள் காலையிலேயே போலீஸ் அவனைக் கொண்டுபோய் உள்ளே வைத்துவிட்டது.

தர்மராஜ் ஒன்றையேதான் திரும்பத் திரும்பச் சொன்னான். சர்வேயர் மருதை அன்று சாயங்காலம் தென்கரையிலிருந்து மணலில் நடந்து அக்கரைக்குப் போனதைக் கண்ணால் பார்த்தேன் என்றான். மருதை பென்ஷன் வாங்குகிறவர். வடக்கு வாசலுக்கு அப்பால் வீடு. ஆற்றுப் புறம்போக்கை அளந்து ராசப்பன் பட்டாவுக்குள் தள்ளிவிட்டவர் அவர்தான் என்றும், ராசப்பன் அதை வெளியே விட்டுவிடுவதாக மிரட்டிக்கொண்டிருந்தார் என்றும் இருதயநாதன் இரண்டே நாளில் விசாரித்து வைத்திருந்தார்.

"காரணம் இருந்தா போதுமா மிஸ்டர்? கால் வேணாமா?" இன்ஸ்பெக்டர் காகிதத்தின்மேல் பென்சிலை ஓட்டினார். "திருவானைக்காவல் போய், கொள்ளிடம் பாலம் ஏறி, டோல்கேட்டுல திரும்பி, மறுபடி மேற்கே வரணும். பதினொண்ணு புள்ளி நாலு கிலோமீட்டர். இதைவிடக் குறுக்கு வழி கிடையாதுன்னு மெஷின் அடிச்சுச் சொல்லுது. மருதைகிட்ட இருக்கறது ஒரு ஓட்டை சைக்கிள். அஞ்சு மணிக்கு வாசகசாலை ரிஜிஸ்தர்ல கையெழுத்துப் போட்டிருக்காரு. ஆறு மணிக்கு சலூன் நாற்காலியில மூஞ்சியில சோப்போட உட்கார்ந்திருக்காரு. நடுவுல போக வர இருபத்திரண்டு புள்ளி எட்டு கிலோமீட்டர் மிதிச்சு, ஒரு ஆளையும் கொன்னுட்டு வந்தாரா?"

"மணல்ல இறங்கி நேரா நடந்தா கூப்பிடு தூரம்தானே?"

"எந்த மணல்?" இன்ஸ்பெக்டர் சிரித்தார். "நேத்து நேர்லயே போய்ப் பார்த்தேன். ரெண்டு கரையும் முட்டிக்கிட்டு ஓடுது. யானை இறங்கினாலும் அடிச்சுக்கிட்டுப் போயிடும்."

"இது ஆடி மாசம் சார். கொலை நடந்தது சித்திரையில."

"ஆறுன்னா ஆறுதான். படத்துல ஆத்துக்குள்ள வழி இருக்கா பாருங்க. இல்லை. அப்போ தர்மராஜ் சொல்றது பொய். நாளைக்குக் காலையில கோர்ட்டுல குற்றப்பத்திரிகை தாக்கல் பண்றேன்."

மெட்ராஸ்காரருக்கு ஆறு என்றால் கூவம். அது பன்னிரண்டு மாசமும் ஒரே மாதிரிதான் கிடக்கும். அவரைச் சொல்லிக் குற்றமில்லை. ஆனால் கதவோரம் நின்றுகொண்டிருந்தாரே ஏட்டு வெள்ளைச்சாமி, கொள்ளிடத் தண்ணீரில் குளித்து வளர்ந்த உடம்பு, அவரை என்னவென்று சொல்வது?

"ஏட்டய்யா, நீங்க உள்ளூர்க்காரர்," என்றார் இருதயநாதன். "கோடையில அங்க நடக்க வழி உண்டா இல்லையா?"

ஏட்டு தொப்பியைச் சரிசெய்துகொண்டார். மேஜைமேல் கிடந்த காகிதத்தைப் பார்த்தார். பிறகு கூரையைப் பார்த்தார்.

"கம்ப்யூட்டர்ல இல்லைன்னு ஐயா சொல்றாங்களேங்க," என்றார்.

இருதயநாதனுக்கு வந்த கோபத்துக்கு அந்தத் தொப்பியைத் தட்டிவிட்டிருப்பார். வஹீதா அவர் சட்டைக் கையைப் பிடித்து வெளியே இழுத்து வந்தாள்.

வாசலில் வேப்பமர நிழலில் வேலம்மாள் நின்றுகொண்டிருந்தாள். தர்மராஜின் மனைவி. புருஷன் உள்ளே போன நாளிலிருந்து அவளுக்கு அதுதான் இருப்பிடம். காலையில் வருவாள், பொழுது சாய்ந்தபின் போவாள். உட்காரச் சொன்னாலும் உட்காருவதில்லை.

"என்னங்கய்யா சொல்றாங்க?"

"உன் புருஷன் சொல்ற வழியே இல்லைன்னு சொல்றாங்கம்மா."

"வழி இல்லாமலா நாங்க பத்து வருசமா கூடை சுமந்து இக்கரைக்கு வந்து வித்தோம்?" அவளுக்கு அழுகை வரவில்லை. ஆத்திரம்தான் வந்தது. "நாளைக்கு எழுதிக் குடுத்துட்டா அப்புறம் தூக்குதான்னு வக்கீல் குமாஸ்தா சொல்றாருங்க. எங்க வீட்டுக்காரருக்குப் பொய் சொல்லத் தெரியாதுங்கய்யா. தெரிஞ்சிருந்தா நான் ஒண்ணும் பாக்கலைன்னு சொல்லிட்டு எப்பவோ வெளிய வந்திருப்பாரு."

"சாயங்காலத்துக்குள்ள வரேன். இங்கயே இரு," என்றார் இருதயநாதன். அவள் அங்கேதான் இருக்கப் போகிறாள் என்பது சொன்ன பிறகுதான் அவருக்கு உறைத்தது.

ஜங்ஷனுக்குப் போகும் ஒன்றாம் நம்பர் பஸ்ஸில் இடம் கிடைத்தது. வஹீதா மறுபடி உள்ளே போய் இன்ஸ்பெக்டரிடம் கெஞ்சி வாங்கிவந்த இன்னொரு பிரதியை முழங்காலில் விரித்துக்கொண்டார் இருதயநாதன். காவேரிப் பாலத்தில் காற்று அடித்து, காகிதம் முன் சீட்டுக்காரர் தலைமேல் போய் விழுந்தது.

"எங்க அத்தாவுக்கு இந்தக் கஷ்டமெல்லாம் கிடையாது," என்றாள் வஹீதா. "எந்த ஊரைக் கேட்டாலும் நத்தர்ஷா பள்ளிவாசல்ல இருந்து எத்தனை தூரம்னுதான் சொல்வாரு. மெட்ராஸையே ஒருதரம் அப்படித்தான் சொன்னாரு."

"உங்க அத்தா இந்த மெஷினைவிட எவ்வளவோ தேவலை. இங்க பாரு." அவர் விரலால் தொட்டுக் காட்டினார். "தென்கரையில ஒரு ஒத்தையடிப் பாதை ஆத்துக்கு இறங்குது. ஏழுன்னு நம்பர் போட்டிருக்கு. அக்கரையில, நேர் எதிர்ல, இன்னொரு பாதை இறங்குது. அதுக்கும் ஏழு. நடுவுல ஒரு புள்ளி இல்லை."

"குளிக்கப் போற வழியா இருக்கும்."

"ஒரு பக்கம்னா குளிக்க. ரெண்டு பக்கமும் நேருக்கு நேரா இறங்குமா?"

"இக்கரைக்காரங்க ஒரு பக்கம், அக்கரைக்காரங்க ஒரு பக்கம் நின்னு ஒருத்தரை ஒருத்தர் பார்த்து அழுதுட்டுப் போவாங்களா இருக்கும்."

"அதேதான். வழி ஒண்ணு இருந்திருக்கு. மெஷினுக்கு ஆறு வத்தும்கிற சமாசாரம் தெரியலை. ஆறுன்னா எப்பவும் தண்ணின்னு நினைச்சுக்கற அசடு. இப்போ போய் அதை உண்டாக்கினவங்களை நாலு கேள்வி கேக்கறேன் பாரு."

கன்டோன்மென்டில் ஒரு வாடகை பங்களாவில் இருந்தது காவிரி வட்டார வரைபடத் திட்டம். வெள்ளம் வந்தால் எந்த ஊருக்கு எந்த வழியாக அரிசி மூட்டை அனுப்புவது என்று கம்ப்யூட்டரைக் கேட்டுத் தெரிந்துகொள்வதற்காக ஆரம்பித்தது. வாசலிலேயே போர்டு, "செருப்பைக் கழற்றவும்". உள்ளே ஏ.சி. ஜில்லென்று அடித்தது. சாமிக்குக்கூட இந்த ஊரில் மின்விசிறிதான், மெஷினுக்குக் குளிர்சாதனம் என்று இருதயநாதன் முணுமுணுத்துக்கொண்டே போனார்.

கம்ப்யூட்டருக்குப் பொறுப்பானவள் டோரதி என்ற பெண். இருபத்தைந்து வயதிருக்கும். கழுத்தில் மெல்லிய சிலுவைச் சங்கிலி, தோளில் ஏ.சி.க்காக ஒரு ஸ்வெட்டர். இருதயநாதன் காகிதத்தை நீட்டி, கொலை வழக்கைச் சொல்லி, உங்கள் படத்தினால் ஒரு நிரபராதி தூக்கில் தொங்கப் போகிறான் என்று எடுத்த எடுப்பிலேயே போட்டு உடைத்தார்.

"இதுக்குப் படமே தெரியாது சார்," என்றாள் அவள் நிதானமாக. "நீங்க பார்க்கற படம் நமக்காகப் போடறது. உள்ளே இருக்கறது வெறும் பட்டியல். ஒவ்வொரு இடத்துக்கும் ஒரு நம்பர். எந்த நம்பர்ல இருந்து எந்த நம்பருக்குப் போகலாம், எத்தனை தூரம், அவ்வளவுதான். கிழக்கு மேற்கு தெரியாது. மேடு பள்ளம் தெரியாது. பட்டியல்ல சேர்த்திருக்கலைன்னா எதிர்வீடா இருந்தாலும் போக முடியாதுன்னு சொல்லிடும்."

வஹீதாவின் முகத்தில் ஒரு சிரிப்பு பரவுவதை இருதயநாதன் பார்த்தார். ஏன் என்று அவருக்கும் தெரிந்துவிட்டது. அவருடைய தபால் பிரிவிலும் சுவர் முழுக்க மரப் புறாக்கூண்டு அறைகள்தான். ஜீயபுரமா, இந்த அறை. புன்னைக்குறிச்சியா, அந்த அறை. அறையிலிருந்து பை, பையிலிருந்து வண்டி. இருபத்தேழு வருஷத்தில் அவர் புன்னைக்குறிச்சியைக் கண்ணால் கண்டதில்லை.

"சார், நீங்க பார்த்த அதே வேலை," என்றாள் வஹீதா. "உங்களுக்கு ஃபேன்கூடக் கிடையாது. அதுக்கு ஏ.சி."

எரிகிற கொள்ளியில் எண்ணெய் வார்த்தாயிற்று. இருதயநாதன் ஒரு பிரசங்கமே செய்தார். கொள்ளிடம் என்பது வெள்ள வடிகால், வருஷத்தில் பாதி நாள் மணல்காடு, மாடு நடக்கும், மனிதன் நடக்கும், வெள்ளரி விளையும், இதெல்லாம் படித்தவர்கள் கண்ணில் படாது, குளிர்ந்த அறையில் உட்கார்ந்துகொண்டு ஆற்றுக்குப் படம் போடுகிறவர்களுக்கு ஆறு வற்றும் என்று எப்படித் தெரியும் என்று மூச்சு வாங்கும்வரை பேசினார்.

டோரதி குறுக்கே பேசவில்லை. கட்டைகளைத் தட்டினாள். மூலையிலிருந்த பிரிண்டர் கிறீச்சிட்டுக்கொண்டு ஒரு முழம் காகிதத்தைத் தள்ளியது. அதைக் கிழித்து அவர் கையில் கொடுத்தாள்.

முக்கொம்பிலிருந்து பாலம்வரை கொள்ளிட மணல்வழிகள் என்று தலைப்பு. எட்டு வழிகள். ஒவ்வொன்றுக்கும் எதிரே எத்தனை மீட்டர், எந்த மாதத்திலிருந்து எந்த மாதம்வரை நடக்கலாம். முதல் வழி தை முதல் வைகாசி. இரண்டாவது மாசி முதல் ஆனி.

"நான் ஜீயபுரத்துப் பொண்ணு சார்," என்றாள் டோரதி. "எங்க வாழைக்கொல்லைக்குப் பின்னால காவேரி. ஆறு வத்தும்னு நீங்க வந்து எனக்குச் சொல்லணுமா?"

இருதயநாதன் கண்ணாடியைக் கழற்றினார். துடைத்தார். அதில் துடைக்க ஒன்றும் இல்லை என்று தெரிந்தும் துடைத்தார். கர்வத்தோடு வந்தவர் முகத்தில் ஒரு சின்னப் பெண் கரியைப் பூசிவிட்டாள். அதுவும் நியாயமாகவே பூசிவிட்டாள்.

வஹீதாதான் பட்டியலை வாங்கிக் கீழே பார்த்தாள். "சார், ஏழாம் நம்பரைப் பாருங்க."

ஏழுக்கு எதிரே மீட்டரும் இல்லை, மாதமும் இல்லை. "ரத்து" என்று மட்டும் இருந்தது.

"அதுக்குத் திருத்தத் தாள் வந்துச்சு," என்றாள் டோரதி. "முதல்ல வழி இருந்தது. அப்புறம் இல்லைன்னு எழுதி வந்தது. எடுத்துட்டேன். புன்னைக்குறிச்சிக்குப் பக்கத்துல வேற மணல்வழி கிடையாது."

"யார்கிட்ட இருந்து?"

"எல்லா ஆத்து வழியும் ஒருத்தர்தான் அளந்து கொடுக்கறாரு. நாங்க அவருக்கு ஒரு தொகை கொடுக்கறோம். ரொம்ப சுத்தமான வேலை. ஓய்வு பெற்ற சர்வேயர், மருதைன்னு."

இருதயநாதன் மெல்ல நாற்காலியில் உட்கார்ந்தார். மெஷின் அசடு என்று நினைத்தது எவ்வளவு பெரிய அசட்டுத்தனம்! அதற்குத் தெரிந்திருந்தது. மருதையே முதலில் வந்து சொல்லிக் கொடுத்திருக்கிறார். கொலை செய்துவிட்டு, அவரே வந்து மறக்கச் சொல்லியிருக்கிறார்.

டோரதி இரும்பு பீரோவைத் திறந்து இரண்டு தாள்களை எடுத்தாள். முதல் தாளில் மார்ச் தேதி. முத்து முத்தான கையெழுத்து. ஏழாம் வழி, தென்கரை முதல் வடகரைவரை தொள்ளாயிரம் மீட்டர், தை முதல் ஆனிவரை நடக்கலாம். இரண்டாவது தாளில் மே இருபது. அதே கையெழுத்து. ஏழாம் வழி ரத்து. அதன்கீழே காரணம் என்று ஒரு கட்டம்.

"காரணம் இல்லாம நான் எந்தத் திருத்தத்தையும் ஏத்துக்கமாட்டேன் சார். திருப்பி அனுப்பிடுவேன்," என்றாள் டோரதி.

கட்டத்தில் எழுதியிருந்தது: "தென்கரையிலிருந்து 340 மீட்டரில் கருவேல முள்வேலி. நேரே செல்ல இயலாது."

"அட, காரணமும் சரியாத்தானே இருக்கு," என்றாள் வஹீதா ஏமாற்றத்தோடு. "வேலி போட்டு அடைச்சிருந்தா யார்தான் நடக்க முடியும்?"

இருதயநாதன் முந்நூற்று நாற்பது என்ற எண்ணையே பார்த்துக்கொண்டிருந்தார். கரையில் நின்று எட்டிப் பார்த்தவன் முந்நூறு என்பான், நானூறு என்பான். முந்நூற்று நாற்பது என்று சொல்ல காலால் எண்ணியிருக்க வேண்டும். முப்பது வருஷம் சங்கிலி பிடித்து அளந்த கால், எந்தக் காரியத்துக்கு நடந்தாலும் எண்ணிக்கொண்டேதான் நடக்கும்.

"இந்தத் தாளை எனக்குக் கொடும்மா."

"ஒரிஜினலைக் கைவிட்டுக் கொடுக்கமாட்டேன். நானே எடுத்துட்டு வரேன்," என்று ஸ்வெட்டரைக் கழற்றினாள் டோரதி.

ஸ்டேஷன் வாசலுக்கு மூன்று பேரும் வந்து சேர்ந்தபோது மணி நாலரை. உள்ளே இன்ஸ்பெக்டருக்கு எதிரே வெள்ளை வேட்டியில் ஒருவர் உட்கார்ந்திருந்தார். சட்டைப் பையில் மூன்று பேனா. மருதைதான். குற்றப்பத்திரிகைக்கு முன் வாக்குமூலத்தில் கையெழுத்துப் போட வரவழைத்திருந்தார்கள்.

இருதயநாதன் உள்ளே போகவில்லை. வேப்பமரத்தடிக்குப் போனார்.

"வேலம்மா, உங்க வெள்ளரிப் பாத்திகிட்ட முள்வேலி போட்டிருந்தீங்களா?"

"ஆமாங்கய்யா. கருவேல முள்ளு. லாரி மறுபடி ஏறாம இருக்க வழியை மறிச்சுப் போட்டோம். ஆளுங்க ஓரமா சுத்திப் போயிக்கலாம்."

"எப்ப போட்டீங்க?"

"அன்னைக்கித்தாங்க. காலையில சண்டை நடந்துச்சு, மத்தியானம் ரெண்டு பேரும் வெட்டிப் போட்டோம். முடிக்கறப்ப மணி மூணு இருக்கும்."

"எத்தனை நாள் இருந்துச்சு?"

"எங்கங்கய்யா நாளு?" அவள் கசப்பாகச் சிரித்தாள். "மறுநா விடியக் காலம் அவரைப் பிடிக்க வந்தாங்கல்ல, அப்பவே பிடுங்கி எறிஞ்சுட்டாங்க. ஏட்டய்யாதான் பிடுங்கினாரு. கையில முள்ளு குத்தி எங்க குடத்துத் தண்ணியிலதான் கழுவினாரு."

இருதயநாதன் அவள் கையைப் பிடிக்காத குறையாக அவளையும் கூட்டிக்கொண்டு உள்ளே நுழைந்தார்.

"வாங்க மிஸ்டர். கம்ப்யூட்டரைத் திட்டி முடிச்சாச்சா?" என்றார் இன்ஸ்பெக்டர்.

"மன்னிப்பே கேட்டுட்டேன் சார். ஏட்டய்யா, ஒரே ஒரு கேள்வி. இதுக்கு மெஷின் தேவையில்லை. தர்மராஜைக் கைது பண்ணப் போனப்ப முள்வேலியைப் பிடுங்கினது நீங்களா?"

"ஆமாங்க. நான்தாங்க."

"எந்த வழியாப் போனீங்க?" என்றார் இன்ஸ்பெக்டர். அவர் குரல் மாறியிருந்தது.

"நடந்துதாங்கய்யா. மணல் வழியா."

இன்ஸ்பெக்டர் மேஜைமேல் இருந்த படத்தைப் பார்த்தார், ஏட்டைப் பார்த்தார். டோரதி இரண்டு தாள்களையும் அதன்மேல் வைத்தாள். இருதயநாதன் விரலை வைத்துக் காட்டினார்.

"வழி இருக்குன்னு மார்ச்சுல எழுதினவரும் இவர். இல்லைன்னு மே இருபதுல எழுதினவரும் இவர். காரணத்தைப் படிங்க. இந்த முள்வேலி பூமியில இருந்ததே ஒன்பதாம் தேதி மூணு மணியில இருந்து பத்தாம் தேதி விடியற வரைக்கும்தான். கொலை அந்த சாயங்காலம்."

"கரையில நின்னு பார்த்திருப்பேன்," என்றார் மருதை.

இன்ஸ்பெக்டர் வாக்குமூலத்தை இழுத்துப் பார்த்தார். முதல்தடவையாக அவர் முகத்தில் ஒரு போலீஸ்காரரின் களை வந்தது. "அந்த வாரம் பூரா ஆத்தங்கரைப் பக்கமே தலைவச்சுப் படுக்கலைன்னு சொல்லியிருக்கீங்களே. நாலு நிமிஷம் முன்னாடிதானே கையெழுத்துப் போட்டீங்க. மை இன்னும் காயலை."

"அதோட," என்றாள் வஹீதா, "கரையில நின்னு பார்த்தா முந்நூத்து நாப்பதுன்னு தெரியுமா? எங்க சார் கண்ணாடி போட்டும் என்னை ரெண்டு பேரா பார்க்கறாரு."

மருதை தாளைக் கையில் எடுத்தார். தன் கையெழுத்தையே வெகுநேரம் பார்த்தார். வேலி இன்னும் அங்கேதான் இருக்கிறது என்று நம்பி எழுதியவர். பிணம் விழுந்த பக்கம் அதற்குப் பிறகு அவர் திரும்பியும் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் வேறு காரணம் எழுதியிருப்பார்.

"வேற எதையாவது எழுதித் தொலைச்சிருக்கக் கூடாதாய்யா?" இன்ஸ்பெக்டர் கேட்டேவிட்டார். "பள்ளம்னு எழுதியிருக்கலாம். ஒண்ணும் எழுதாம விட்டிருக்கலாம்."

"காரணம் இல்லாட்டி ஃபாரம் செல்லாதுங்களே," என்றார் மருதை. "நேர்ல பார்க்காததை எழுதி எனக்குப் பழக்கமில்லை."

இப்படியும் ஒரு யோக்கியன்! புறம்போக்கை விழுங்கலாம், ஆளைக் கொல்லலாம், ஃபாரத்தில் மட்டும் பொய் எழுதக் கூடாது. இருதயநாதனுக்குச் சிரிப்பதா காறித் துப்புவதா என்று தெரியவில்லை. இன்ஸ்பெக்டர் எழுந்து மருதையின் பையிலிருந்த மூன்று பேனாவையும் எடுத்து மேஜைமேல் வைத்தார். பிறகு போனைத் திருகி, தர்மராஜை விடுவிப்பதுபற்றி அரசு வக்கீலிடம் பேச ஆரம்பித்தார்.

வேலம்மாளுக்குப் பாதி புரிந்தது, பாதி புரியவில்லை. டோரதி அவள் தோளைத் தொட்டு, "நாளைக்கு வந்துடுவாருக்கா," என்று சொன்ன பிறகுதான் அவள் மூச்சு விட்டாள். அழுவாள் என்று எல்லோரும் எதிர்பார்த்தார்கள். அவள் நேரே போய் ஏட்டு வெள்ளைச்சாமிக்கு எதிரே நின்றாள்.

"அந்த வழியில நீங்க எத்தனை தடவை வந்திருப்பீங்க ஏட்டய்யா?"

ஏட்டு தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார்.

"எங்ககிட்டப் பிஞ்சு வாங்கிக் கடிச்சுக்கிட்டே அதே வழியிலதானே திரும்பிப் போவீங்க? ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல?"

"என்னை யாரும் ஒழுங்காக் கேக்கலியே, வேலம்மா."

"நான் கேட்டேனே," என்றாள் அவள். "எம்பத்தாறு நாளா இந்த வாசல்ல நின்னு உங்களைத்தானேய்யா கேட்டேன்."